கரு தடுக்கும் மூலிகையும் மனைவியின் சம்மதமும்

சென்ற வாரம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். மூன்று பிள்ளைகளின் தந்தை. மூன்றாவது பிரசவத்தில் மனைவி பிழைத்ததே பெரிது. கையிலிருந்த யூனானிப் பொடிப் பொட்டலத்தைக் காட்டி, "ஹஜ்ரத், கரு தங்காமலிருக்க இதைப் பாலில் கலந்து கொடுத்தால் மார்க்கத்தில் கூடுமா?" என்றார். "வீட்டில் தெரியுமா?" என்று கேட்டோம். "சொன்னால் பயப்படுவாள்" என்று தலை குனிந்தார்.

கருத்தடை என்றதுமே முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்து வந்ததை, அதாவது விந்தை வெளியே விட்டு வந்ததை, ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் இதை ஆகுமானது என்றார்கள். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காக்கும் நோக்கத்தை ஏற்றார்கள். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தைக் கண்டித்தார்கள். யூனானி வைத்தியத்தின் ஆதார நூலான 'அல்கானூன்' எழுதிய இப்னு சீனாவும் (980–1037), பிரசவம் தாங்காத இளம்பெண்ணுக்கும் கருப்பை நோயுள்ளவளுக்கும் கருவைத் தடுக்க வழி கூறியுள்ளார்.

ஆயினும், தடுப்பது வேறு. உண்டானதை அழிப்பது வேறு. பின்னதைக் குற்றம் என்றே கஸ்ஸாலி இமாம் கூறினார்கள். மூலிகையிலோ இந்த எல்லை எளிதில் புலப்படாது. பழைய ஏடுகளில் இடம்பெறும் அருவதா, கருவைக் கலைக்கவும் கூடியது. அளவு மிஞ்சினால் தாயின் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் எது, எவ்வளவு என்றறியாதவர், தாம் தடுக்கிறாரா அழிக்கிறாரா என்பதை எப்படி அறிவார்? வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் நபிமொழி.

இதனினும் பெரியது மறைத்தல். அஸ்லுக்கே மனைவியின் அனுமதி வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் மூலச் சட்டம். பிள்ளை பெறுவதில் அவளுக்கும் உரிமை உண்டல்லவா? அப்படியிருக்க, அவள் உடலுக்குள் செல்லும் மருந்தை அவளுக்கே தெரியாமல் கொடுப்பது எங்ஙனம் கூடும்? அவள் மீதுள்ள இரக்கம்கூட இதற்கு அனுமதியாகாது.

"பொட்டலத்தை முதலில் அவரிடமே காட்டுங்கள், பின்னர் இருவரும் சேர்ந்து தேர்ந்த மருத்துவரிடம் செல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். வல்ல அல்லாஹ் அக்குடும்பத்துக்கு ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.