இடம் கொடுத்தவன்

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். இடம் கொடுத்தவன்மேல் இரக்கப்பட்டுச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதே மடத்தில் குடியேறியவன் ஊரார் தலையில் கல்லெறிய ஆரம்பித்துவிட்டால், இடம் கொடுத்தவனைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? இரக்கமா படும்? “இவன்தானே கூப்பிட்டு உட்கார வைத்தான்?” என்று அவன் வாசலில்தான் முதலில் வந்து நிற்கும். “இடம் விடுவதுதான் என் தொழில், உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது” என்று அவன் சொன்னால் அது நியாயமா, நழுவலா? இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னை அரித்துக் கொண்டிருக்கிறது.

கிளப்பி விட்டவன் என் நண்பர் ஒருவரின் மகன். இணையதளம் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இடத்தை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு உத்தியோகம். எங்கோ ஒரு கட்டிடத்தில் சர்வர் என்ற யந்திரங்கள் அடுக்கடுக்காக இரவும் பகலும் ஓடிக் கொண்டிருக்கின்றன. ஜவுளிக்கடைக்காரர், பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி என்று பலரும் அவற்றில் ஆளுக்கொரு மூலையை வாடகைக்கு எடுத்துக் கொள்கிறார்கள். இவன் வேலை, அந்தக் குடித்தனக்காரர்கள்மேல் வரும் புகார்களைப் படிப்பது.

“மாமா, ஒரு பக்கம் புகார் கொடுக்கிறவர் திட்டுகிறார். இன்னொரு பக்கம் புகாருக்கு ஆளானவர் திட்டுகிறார். நடுவில் எங்கள் மானேஜர் வேறு” என்றான்.

“எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறாய்?” என்று கேட்டேன்.

கம்பெனியின் விதிகளைக் காட்டினான். பக்கம் பக்கமாக இருந்தன. கேட்காதவர்களுக்குக் கட்டுக்கட்டாக மின்னஞ்சல் அனுப்பக் கூடாது; பிறர் பெயரில் அனுப்பக் கூடாது; புகாரை இன்ன முகவரிக்கு எழுத வேண்டும். எல்லாம் சரிதான். கடைசியில் ஒரு வாசகம் இருந்தது. கம்பெனி விரும்பினால் எந்த நேரத்திலும், முன்னறிவிப்பின்றி, காரணம் கூறாமல் எவருடைய இடத்தையும் நிறுத்தலாமாம். மற்ற விதிகளை எல்லாம் ஒரு தட்டிலும் இந்த ஒரு விதியை மறு தட்டிலும் வைத்தால் எது தாழும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் குற்றத்தைப் பார்ப்போம். கேட்காத கடிதம் ஒன்று வந்தால் என்ன குடியா முழுகிவிடும்? தபாலில் வரும் விளம்பரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நாம் காப்பி குடிக்கவில்லையா? ஆனால் தபாலில் வருகிற விளம்பரத்துக்குத் தபால் தலையின் காசை அனுப்புகிறவர் கொடுக்கிறார். அந்தக் காசே அவருடைய ஆசைக்கு ஓர் அணை. மின்னஞ்சலில் நூறு பேருக்கு எழுதினாலும் லட்சம் பேருக்கு எழுதினாலும் அனுப்புகிறவருக்குச் செலவு அதிகம் மாறுவதில்லை. சுமக்கிற கூலியும், குப்பையைப் பொறுக்கிப் போடுகிற வேலையும் மற்றவர்கள் தலையில் விழுகின்றன.

1978-ம் ஆண்டு மே மாதம், இன்றைய இணையத்துக்கு முன்னோடியாக அமெரிக்காவில் இருந்த ஆர்ப்பாநெட்டில், கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த காரி துவர்க் என்பவர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இந்த ஜாதிக் கடிதத்துக்கு அதைத்தான் ஆதி என்கிறார்கள். புகார்கள் கிளம்பின, வலையை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். ‘ஸ்பாம்’ என்ற பெயர் பின்னால்தான் வந்தது. அது 1937 முதல் அமெரிக்காவில் டப்பாவில் விற்கப்படும் ஒரு மாமிசப் பண்டத்தின் பெயர். 1970-ல் ஓர் ஆங்கில டெலிவிஷன் நகைச்சுவையில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் அந்தப் பண்டமே வந்து நிற்கும். வேறு பேச்சே எடுபடாதபடி அதன் பெயரையே பாடிக் கொண்டிருப்பார்கள். பெயர் வைத்தவருக்கு நல்ல ரசனை.

இந்தக் குற்றத்தின் சூட்சுமம் அதன் சின்னத்தனத்தில்தான் இருக்கிறது. ஒருவன் என் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்தால் கூச்சல் போடுவேன். என் ஆயுளிலிருந்து ஒரு விநாடியை எடுத்தால் என்ன செய்வேன்? முகம் சுளிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அவன் ஒரு கோடிப் பேரிடம் ஆளுக்கு ஒரு விநாடி எடுத்திருக்கிறான். கூட்டிப் பாருங்கள்: 115 நாட்களுக்கு மேல் வருகிறது. ஒரு மனிதனை நான்கு மாதம் அறையில் பூட்டி வைத்ததற்கு ஏறக்குறையச் சமம். ஆனால் பூட்டப்பட்டவன் என்று எவனும் கோர்ட்டுக்கு வரமாட்டான். நஷ்டம் அத்தனை பேருக்கும் பங்கு பிரிந்து போனதால் பாவமும் கரைந்து போய்விட்டதா? கரையவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பொதுக்கிணற்றில் தினம் ஒரு பிடி மண் போடுகிறவன் யாருடைய குடத்தையும் உடைக்கவில்லை. இருந்தாலும் கிணறு தூர்ந்து போகிறது.

“வேண்டாமென்று சொன்னால் நிறுத்திவிடுகிறேனே” என்று அனுப்புகிறவர் சொல்வார். அமெரிக்காவில் 2003-ல் செய்த சட்டம் ஏறக்குறைய இந்த வாதத்தை ஒப்புக் கொள்கிறது. அனுப்புகிறவர் தம் முகவரியை ஒளிக்காமல் எழுத வேண்டும். வேண்டாம் என்றவருக்குப் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். மற்றபடி முதல் கடிதத்துக்குத் தடையில்லை. ஐரோப்பிய யூனியன் 2002-ல் பிறப்பித்த ஆணையோ முதலில் சம்மதம் வாங்கு, பிறகு எழுது என்கிறது. மௌனம் சம்மதம் என்பார்கள் நம்மவர்கள். அது கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கேள்வியைக் காதால் கேட்ட பெண்ணின் மௌனத்துக்குச் சொன்னது. கேள்வியே கேட்கப்படாதவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக் கொள்வது என்ன நியாயம்? இந்த விஷயத்தில் இடம் விடுகிற பல கம்பெனிகளின் விதிகள் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கண்டிப்பானவை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இனி இடம் கொடுத்தவனிடம் வருவோம். 1994 ஏப்ரலில் அரிஸோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கான்டர், மார்த்தா சீகல் என்ற வக்கீல் தம்பதி, அமெரிக்காவில் குடியேறும் அனுமதிச் சீட்டு பற்றிய தங்கள் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். படித்தவர்கள் கொதித்து எழுதிய பதில்களின் பாரம் தாங்காமல், அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த கம்பெனியின் யந்திரம் திரும்பத் திரும்ப முடங்கியது. கம்பெனி அவர்கள் கணக்கை ரத்து செய்தது. தம்பதி வருந்தவில்லை, இப்படி விளம்பரம் செய்து பணம் பண்ணுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். பாவம் செய்தவர் ஒருவர், முதல் அடி வாங்கியவர் இன்னொருவர். இடம் கொடுத்தவர்கள் விதிகள் எழுத ஆரம்பித்ததற்கு இத்தகைய அடிகள் முக்கிய காரணம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கலிபோர்னியாவில் மக்கோலோ என்று ஒரு கம்பெனி இருந்தது. உலகத்தின் குப்பைக் கடிதங்களில் பெரும் பகுதியை ஏவிவிட்ட யந்திரங்கள் அதன் இடத்தில்தான் இருந்தன. புகார் செய்தும் பயனில்லை. 2008 நவம்பரில், ஒரு பத்திரிகை நிருபர் ஆதாரங்களை எடுத்துக்காட்டிய பிறகு, அந்தக் கம்பெனிக்கே இணைப்புக் கொடுத்திருந்த இரண்டு பெரிய கம்பெனிகள் கம்பியைத் துண்டித்தன. அன்றே உலகம் முழுவதும் குப்பைக் கடிதங்கள் பாதிக்கு மேல் குறைந்து போயின. சில மாதங்களில் வேறு இடங்களிலிருந்து மறுபடி பெருகிவிட்டன என்றாலும், ஒரே ஒரு வீட்டுக்காரனின் கண்மூடித்தனம் எவ்வளவு பெரியது என்று அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

‘எனக்குத் தெரியாது’ என்பதில் இரண்டு வகை உண்டு. தெரிந்து கொள்ள வழியில்லாதவன் சொல்வது ஒன்று. வாசலில் ஆள் வந்து கூவியும் காதில் பஞ்சை வைத்துக் கொண்டவன் சொல்வது மற்றொன்று. ஆயிரம் குடித்தனக்காரர்களின் கடிதங்களை வீட்டுக்காரன் பிரித்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறொரு பாவம். ஆனால் புகார் அவன் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அவனுடைய அறியாமைக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் வாங்கும் வாடகையில் அந்தக் கோடி விநாடிகளின் பங்கும் இருக்கிறது.

அப்படியானால் புகார் வந்ததும் குடித்தனக்காரனை வெளியே தள்ளிவிடலாமா? இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

2004-ல் நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். முல்டாட்டுலி என்ற புனைபெயரில் எழுதிய டச்சு எழுத்தாளர் 1887-ல் காலமானவர். அவர் 1871-ல் எழுதிய பகுதி ஒன்றைப் பத்துக் கம்பெனிகளின் இடங்களில் வெளியிட்டார்கள். பதிப்புரிமை தீர்ந்து எத்தனையோ காலமான எழுத்து. பிறகு, அந்த எழுத்தின் உரிமை தங்களுடையது என்று இல்லாத ஒரு சங்கத்தின் பெயரில் பத்துப் பேருக்கும் பொய்ப் புகார் எழுதினார்கள். எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஒரு மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் எழுதினார்கள். ஏழு கம்பெனிகள் அந்தப் பகுதியை எடுத்துவிட்டன! எழுத்தாளன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் பயமும் வந்தது.

அந்த ஏழு பேரும் கெட்டவர்களா? இல்லை, பயந்தவர்கள். எடுக்காமல் விட்டால் தங்கள்மேல் வழக்கு வரலாம். எடுத்துவிட்டால் ஒரு வாடிக்கைக்காரர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். இந்தத் தராசில் நியாயம் எப்படி நிற்கும்? நீதிபதிக்கே ஒரு பக்கம் மட்டும் தண்டனை காத்திருந்தால் அவர் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல ஜோஸ்யம் தேவையில்லை. நம் நாட்டில் 2015-ல் சுப்ரீம் கோர்ட் இதை யோசித்துத்தான், இடம் கொடுத்தவர் ஒரு விஷயத்தைச் சட்டப்படி ‘அறிந்தவர்’ ஆவது கோர்ட் உத்தரவோ அரசாங்க அறிவிப்போ வந்த பிறகே என்று தீர்ப்பளித்தது. லட்சக்கணக்கில் வரும் புகார்களில் எது நியாயமானது என்று கம்பெனிக்காரர்களே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும் என்பது பொருந்தாது என்பது அதன் கருத்து.

இன்னொன்றும் உண்டு. பல சமயம் குற்றம் சாட்டப்பட்டவரே களவு கொடுத்தவராக இருக்கிறார். அவருடைய ரகசியச் சொல்லை எவனோ திருடி, அவர் தூங்கும்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து கடிதங்களை வீசிக் கொண்டிருக்கிறான். பொழுது விடிந்ததும் ஊர் அவரைப் பிடித்துக் கொள்கிறது. போதாக்குறைக்கு, ஒரே யந்திரத்தில் பல குடித்தனங்கள் இருப்பதால் அத்தனைக்கும் ஒரே கதவு எண். 1997-லிருந்தே, குப்பை அனுப்பும் யந்திரங்களின் எண்களைப் பட்டியல் போட்டு, அங்கிருந்து வரும் கடிதங்களை வாங்காமல் திருப்பும் ஏற்பாடு நடந்து வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண் பட்டியலில் ஏறினால் ஜவுளிக்கடைக்காரரின் பில்லும் திரும்பி வரும், பள்ளிக்கூடத்தின் அறிவிப்பும் திரும்பி வரும். ஒருவன் தப்புக்கு ஒரு தெருவையே ஊர் விலக்கம் செய்த பழைய கிராமத்து நியாயம் புது வேஷத்தில் வந்திருக்கிறது.

ஆகவே விரைவாகவும் செயல்பட வேண்டும், அவசரப்படவும் கூடாது. இரண்டும் எப்படி முடியும்? எனக்குத் தோன்றுகிற வழி இது. திருப்பித் தரக்கூடியதை உடனே செய்யலாம். திருப்பித் தர முடியாததை விசாரிக்காமல் செய்யக் கூடாது. கடிதங்கள் நிமிஷத்துக்கு ஆயிரமாகக் கொட்டிக் கொண்டிருந்தால், குழாயை முதலில் மூடுங்கள்; கேள்வியைப் பிறகு கேளுங்கள். குற்றமற்றவர் என்று தெரிந்தால் திறந்துவிடலாம். நஷ்டம் ஒரு நாள் பொழுது. ஆனால் ஒருவர் எழுதி வைத்ததை அழிப்பதும், அவரைத் துரத்துவதும், சேர்த்து வைத்த கணக்கையும் படங்களையும் கொடுக்காமல் போகச் சொல்வதும் வேறு. அதற்கு முன் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். குற்றம் ருசுவான பிறகும், சட்டி பானைகளை எடுத்துக் கொண்டு போக அவகாசம் தருவதுதான் வீட்டுக்காரனுக்கு அழகு.

புகார் கொடுத்தவரின் பெயரை எதிராளிக்குச் சொல்லலாமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன்.

“சொன்னால் ஆபத்து மாமா. இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், கடிதத்தைப் படிக்கிறார் என்று தெரிந்துவிடும். அதுவே அவனுக்கு லாபம். இன்னும் பத்து மடங்கு அனுப்புவான்” என்றான்.

குற்றம் சாட்டியவர் யார் என்று அறிய எதிராளிக்கு உரிமை உண்டு என்பது கோர்ட் நியாயம். இங்கே அது உதவாது போலிருக்கிறது. ஆனால் பெயரை மறைக்கலாமே ஒழியக் குற்றத்தை மறைக்கக் கூடாது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கடிதம் என்று எதிராளிக்குக் காட்டத்தான் வேண்டும். புகார் கொடுக்கிறவருக்கும் அதே கடமை உண்டு. கடிதத்தின் தலைப்பகுதியில் அது எந்தெந்த யந்திரங்கள் வழியாக வந்தது என்ற முத்திரைகள் இருக்கின்றன. அவற்றோடு முழுக் கடிதத்தையும் அனுப்பாமல், ‘இவன் அயோக்கியன்’ என்று மட்டும் எழுதுகிறவர் புகார் கொடுக்கவில்லை, வசை பாடுகிறார்.

காரணம் கூறாமல் நிறுத்தலாம் என்ற அந்தக் கடைசி விதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கம்பெனிக்கு அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அதிகாரம் இல்லாவிட்டால் மடம் பறிபோகும். ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒன்றுதான் மனிதனை யோசிக்க வைக்கிறது. நான்கு வரி எழுத உட்கார்ந்தால், மூன்றாவது வரியில் பேனா தயங்கும். ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று தன்னையே கேட்டுக் கொள்ள நேரும். பொய்ப் புகாரை நம்பிய அந்த ஏழு கம்பெனிகளிலும் யாராவது ஒருவர், எடுத்ததற்குக் காரணம் எழுத உட்கார்ந்திருந்தால், 1871 என்ற வருஷம் அவர் கண்ணில் பட்டிருக்காதா?

இன்று வீடும் கடையும் எழுத்தும் ஏதோ ஒரு கம்பெனியின் இடத்தில்தான் குடியிருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் இந்த உலகத்தில் வாடகைக்காரர்கள். நமக்கும் நம்மைப் பற்றி வரும் புகாருக்கும் நடுவே, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் மேஜைமேல் நூறு கடிதங்கள் காத்திருக்கின்றன. நூற்றியோராவதாக நம்முடையது வரும்போது, அதை முழுக்கப் படிக்க அவனுக்கு நேரமும், எதிராளியைக் கேட்க அனுமதியும் அவன் முதலாளி கொடுத்திருக்கிறாரா? விதிகளில் நாம் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.