இருக்கையும் இருந்தவர்களும்

ஜேர்மனியில் ஒரு கார் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டு முப்பது வருடங்கள் கழிந்தால், அதன் இலக்கத்தகட்டின் முடிவில் 'எச்' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வரலாற்றுக்குரியது என்பது அதன் பொருள். 1997 யூலையிலிருந்து இந்த நடைமுறை உள்ளது. எழுத்துக் கிடைத்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு பெரிதென்றாலும் வருட வரி ஏறத்தாழ 191 யூரோதான். நகரங்களின் சூழல் வலயங்களுக்குள் ஒட்டுச்சீட்டு இல்லாமலே போய்வரலாம். இதற்காகச் சட்டம் கேட்பவை முக்கியமாக இரண்டு. கார் பெருமளவுக்கு அதன் மூலநிலையில் இருக்க வேண்டும். அத்துடன் நல்ல முறையில் பேணப்பட்டிருக்கவும் வேண்டும்.

கேட்கும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று துணையான நிபந்தனைகள் போலத் தெரியும். காரின் உட்புறத்தில் கைவைத்தவருக்குத்தான் அவை மோதுகிற இடம் தெரியும். வெளித்தகட்டை மழையும் உப்பும் தின்கின்றன. உட்புறத்தைத் தின்பது மனித உடல். நாற்பது வருடம் ஓடிய காரின் சாரதி ஆசனத்தைப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உரசுகிற இடதுபக்க விளிம்புதான் முதலில் நைந்துபோயிருக்கும். கை வைக்கும் இடம் மினுங்கும். புகைப்பவரின் காரென்றால் மேற்கூரைத் துணி பழுப்பேறியிருக்கும். இவற்றை அப்படியே விட்டால் நன்கு பேணப்பட்டதாகாது. எல்லாவற்றையும் மாற்றினால் மூலநிலை போய்விடும். வீட்டுக் கராஜில், குளிர்கால வார இறுதிகளில், பழைய தையல் மெசினோடு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இங்கே ஏராளம். எம்மவரிலும் சிலர் உண்டு. எதை வைத்திருப்பது, எதை எறிவது என்ற கேள்வியை அவர்கள் ஒவ்வொரு தையலிலும் சந்திக்கிறார்கள். எனக்கு இது கார் பற்றிய கேள்வியாக மட்டும் படவில்லை.

மெர்சிடிஸ் 123 வரிசையை எடுத்துக்கொள்வோம். 1975 இன் இறுதியிலிருந்து 1986 இன் தொடக்கம் வரை ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் கட்டப்பட்டன. நெடுங்காலம் ஜேர்மன் ராக்சி என்றால் இதுதான் கண்முன் வரும். ஆசனத்தைக் கழற்றிக் கவிழ்த்து, உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குறட்டால் வெட்டினால் உறை கழன்று வரும். அதன் தையலைப் பிரித்து, பழைய துண்டுகளை அளவாக வைத்துப் புதிய துணியையோ வினைலையோ வெட்ட வேண்டும். ஆனால் பழைய துண்டை அப்படியே நம்ப முடியாது. இருந்தவரின் பாரத்தில் அது ஓரிடத்தில் இழுபட்டும் இன்னோரிடத்தில் சுருங்கியும் போயிருக்கும். அதைப் பார்த்து வெட்டினால் முன்னர் இருந்தவரின் உடலையும் சேர்த்து வெட்டுகிறோம். ஆகவே தைப்பவர் திருத்துகிறார். திருத்தும் அந்தக் கணத்திலேயே மூலநிலை என்பது ஊகமாகிவிடுகிறது.

தோல், வினைல் ஆகியவற்றின் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. துணியில் ஊசி போன துளை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. பிரித்த உறையைத் திரும்பத் தைப்பதானால் பழைய துளைகள் வழியே, பழைய இடைவெளியிலேயே போக வேண்டும். தவறினால் பக்கத்தில் இன்னொரு வரிசைத் துளை விழும். அது முத்திரைத்தாளில் துளையிட்டது போன்றது. பிறகு இழுத்தால் அந்த வரி வழியாகவே கிழியும்.

உறைக்குக் கீழே இருப்பது தும்பு. ஸ்பிறிங்குகளின் மேல் சாக்குத்துணி, அதன்மேல் தும்பும் விலங்கு மயிரும் றப்பர்ப்பாலில் தோய்த்து அழுத்திய திண்டு. 'கும்மிஹார்', அதாவது றப்பர்மயிர் என்று ஜேர்மன் மொழியில் சொல்வார்கள். பழைய பீட்டில் காரின் ஆசனத்துக்குள்ளும் இதே குடும்பத்துப் பொருள்தான். தென்னந்தும்பையும் றப்பரையும் நெடுங்காலமாக ஏற்றுமதி செய்துவரும் நாடு இலங்கை. குறிப்பிட்ட ஒரு காரின் தும்பு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தென்னையோ றப்பர் மரமோ சிண்டெல்ஃபிங்கனில் வளரவில்லை. மட்டையை ஊறவைத்து, அடித்து, அலசி எடுத்த கைகள் எங்கோ வெப்ப நாட்டில் இருந்தன. 'அசல் ஜேர்மன் கார்' என்று சொல்லப்படும் பொருளின் நடுவிலேயே, மனிதர் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே, வேறு நாட்டாரின் உழைப்பு இருந்துவந்திருக்கிறது. மூலம் என்று நாம் சொல்வது தொடக்கத்திலேயே கலப்பாகத்தான் இருந்தது.

இங்கேதான் 'மூலநிலை' என்ற சொல்லில் எனக்குச் சங்கடம் ஏற்படுகிறது. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் கார் எப்படியிருந்ததோ அதுவே அதன் உண்மை, பிறகு நடந்ததெல்லாம் பழுது என்பது அதன் உட்கருத்து. ஆனால் அந்தக் காரின் வாழ்க்கை அந்த வாசலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதலில் ஒரு ஜேர்மானியர் வாங்கினார். பிறகு ராக்சியாக ஓடியிருக்கலாம். மூன்றாம், நான்காம் கையாகத் துருக்கியருக்கோ யூகோஸ்லாவியருக்கோ எம்மவருக்கோ வந்திருக்கலாம். 1982 இன் புகலிட நடைமுறைச் சட்டம், தஞ்சம் கோரியவர் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்று கட்டிவைத்தது. அந்தக் கட்டுப்பாடு 2015 இல்தான் பெரிதும் தளர்ந்தது. அந்த வருடங்களில் செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும், அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கவும், பலர் எல்லை தாண்டியது தெரிந்தவர் ஒருவரின் பழைய காரின் பின்னாசனத்தில்தான். அவர்கள் இருந்ததற்கான பதிவு எந்த நூதனசாலையிலும் இல்லை. அமுங்கிய திண்டுதான் அந்தப் பதிவு. மூலநிலைக்குத் திருப்புதல் என்ற பெயரில் முதலில் எறியப்படுவதும் அதுதான்.

'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்கப்பட்டே பழகிய எமக்கு இது புதிதல்ல. பிறந்த இடமே ஆளின் உண்மை, பிறகு வாழ்ந்ததெல்லாம் மேற்பூச்சு என்று நினைப்பவரின் கேள்வி அது. வியப்பு என்னவென்றால், 'எச்' எழுத்துக்கான பரிசோதனை விதிகளே இந்த எண்ணத்தில் ஒரு இடைவெளி விட்டிருக்கின்றன. முதற் பத்து வருடங்களுக்குள் செய்யப்பட்ட மாற்றங்களை அவை ஏற்கின்றன. முப்பது வருடங்களுக்கு முன்னரே செய்யப்பட்டது என்று நிறுவினால் அந்த மாற்றத்தையும் ஏற்கலாம். அதாவது போதிய காலம் நிலைத்த மாற்றமும் மூலத்தின் பகுதியாகிவிடுகிறது. 1983 இன் பின் வந்து இங்கேயே நரைத்துப்போனவர்கள் இந்த விதியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேச அமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பேணுதலே முதலில் வரும், மீளமைத்தல் அதற்குப் பின்னர்தான் என்பது அதன் நிலைப்பாடு. மாற்றங்கள் திரும்ப நீக்கக்கூடியவையாக இருப்பது நல்லது என்றும், கழற்றிய முக்கிய பாகங்கள் வாகனத்தோடேயே இருக்கட்டும் என்றும் அது சொல்கிறது. கட்டடங்களுக்கான 1964 இன் வெனிஸ் சாசனத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும் என்று அது விதித்தது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதை நாம் வேறு இடத்தில் கற்றிருக்கிறோம். 1990 இன் பின் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் செய்யக் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். புதிய வாகனங்கள் முடங்க, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் அந்தப் பழைய எஞ்சின்கள் புகைகக்கியபடி நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆசனம் கிழிந்தால் கிடைத்த றெக்ஸின் துண்டால் ஒட்டுப் போட்டார்கள். நிறம் பொருந்துகிறதா என்று எவரும் பார்க்கவில்லை. கயிறு கட்டி 'இருக்க வேண்டாம்' என்று எழுதிவைத்த இருக்கை நூதனசாலைப் பொருள். இருப்பதற்கு ஆகாத ஒன்றைத் தடம் என்பதற்காக மட்டும் காப்பாற்றச் சொல்வது, அதில் இருக்கத் தேவையில்லாதவரின் சௌகரியம். பூஞ்சணம் பிடித்த திண்டை எறியத்தான் வேண்டும். இத்துப்போன ஆசனப்பட்டியை வீட்டில் தைத்து ஒப்பேற்றக்கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மூலநிலைக்கு எந்த உரிமையும் இல்லை.

அப்படியானால் எதை வைப்பது, எதை மாற்றுவது என்பதை யார் தீர்மானிப்பது? அதில் இனி இருக்கப்போகிறவர் என்பதே எனது பதில். சுவரில் ஷெல் துண்டு பட்ட வீட்டுக்குத் திரும்பியவர் அதைப் பூசி மறைத்துவிட்டுப் பிள்ளையை நித்திரையாக்க விரும்பினால், 'ஞாபகத்துக்காக விட்டுவைத்திருக்கலாமே' என்று ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்குப் போனவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த உரிமை ஒருவருக்கு மட்டும் கிடையாது. கிழித்தவருக்கு. யாழ்ப்பாண நூலகம் 1981 மே 31 இரவு பொலிஸாராலும் குண்டர்களாலும் கொளுத்தப்பட்டது. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. பிறகு 1990களின் கடைசியில் அரசு முன்னின்று அதனைப் பழைய தோற்றத்திலேயே வெள்ளையாகக் கட்டியெழுப்பியபோது, நூலகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எரித்த கையின் சொந்தக்காரர் தாமே வெள்ளையடித்து, ஒன்றுமே நடவாதது போல் ஆக்குவதையே பலர் ஏற்கவில்லை. 1945 பெப்ரவரியில் இடிந்த டிறெஸ்டன் பிறவுன்கிர்ஹ தேவாலயத்தை 2005 இல் கட்டி முடித்தவர்கள், மீட்டெடுத்த கரிய கற்களைப் புதிய வெளிர் கற்களுக்கு நடுவே தெரியும்படியே வைத்தார்கள். வழிபடவும் முடிகிறது, நடந்ததும் தெரிகிறது.

இந்த அளவுகோலை அரசின் பக்கம் மட்டும் நீட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. முப்பது நாற்பது வருடங்களாக நாமும் ஒரு மீளமைப்பு வேலையில்தான் இருக்கிறோம். ஊரை நினைவிலிருந்து திரும்பத் தைக்கிறோம். கிணற்றடி, வேப்பமரம், கோயில் திருவிழா எல்லாம் பழுதில்லாமல் வருகின்றன. அந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களும், கோயில் வெளிவீதியில் நிறுத்தப்பட்டவர்களும் உறையின் உட்புறமாக மடித்துத் தைக்கப்பட்டு விடுகிறார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எமது யாழ்ப்பாண நினைவுகளில் எத்தனை பக்கம் வருகின்றன? அவர்களும் அங்கே இருந்தவர்கள். அவர்களின் தடத்தை அகற்றிவிட்டு, எஞ்சியதற்கு 'அசல் ஊர்' என்று இலக்கத்தகடு மாட்டுகிறோம். கிழித்தவர் தானே துணியைத் தெரிவு செய்யக்கூடாது என்ற நியாயம் இங்கே எம்மைப் பார்த்தும் பேசுகிறது.

நினைவு வேறு, ஆசனம் வேறு என்று சொல்லலாம். இரண்டையும் பிறகு ஒருவர் பாவிக்கப் போகிறார் என்பதே இரண்டுக்கும் பொது. கார் அடுத்த கைக்குப் போகும். ஊர் பற்றிய கதை, ஊரைக் காணாத பிள்ளைகளின் கைக்குப் போகும். அவர்கள் அதில் நம்பி இருக்க வேண்டும்.

கார் உட்புற வேலை செய்கிறவர்களுக்கு ஜேர்மன் மொழியில் இன்றும் சேணக்காரர் என்ற பழைய பெயர்தான். மூன்று வருடப் பயிற்சித் தொழில் அது. தொழில் தெரிந்த ஒருவர் எந்தச் சாசனத்தையும் வாசிக்காமலே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. இன்னும் தாங்குகிறதைத் தொடாமல் விடுவது. போட்ட புதுத்துண்டைப் பழசாகத் தெரியும்படி தேய்த்துச் சாயமிடாமல் இருப்பது. கழற்றியதைப் பொதி செய்து காரோடு கொடுப்பது. உறையின் உட்புறத்தில் வருடத்தையும், எது புதிது, எது பழையது என்பதையும் எழுதிவிட்டுத் தைத்து மூடுவது. இருக்கிறவருக்கு அந்த எழுத்து உறுத்தாது. என்றோ ஒருநாள் இதையும் பிரிக்கப்போகிறவர் அதை வாசித்துவிட்டு, தான் எதை வைத்திருப்பது என்று தானே முடிவு செய்துகொள்வார்.