ஆயிரம் கல் தொலைவில் ஒரு கரடி

அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரிலே ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவர் போன்றோர் ஆயிரவர் உண்டு. உழைத்துப் பொருள் சேர்த்தவர். மனைவி மக்களிடம் அன்பு குன்றாதவர். அண்டை வீட்டார்க்கு இடர் வந்தால் ஓடிச்சென்று உதவுபவர். அவருடைய மேசைமீது ஒரு மடல் கிடக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்திலிருந்து ஒரு வேட்டை விடுதியார் விடுத்த அழைப்பு. "வருக! கருங்கரடி வேட்டையாடலாம். தங்க இடம், தக்க வழிகாட்டி, வேளைக்கு உணவு, யாவும் எம் பொறுப்பு. கட்டணம் சில ஆயிரம் டாலர்."

போவதா? வேண்டாமா?

அவர் பணம், அவர் பயணம், அவர் துப்பாக்கி. இதிலே அறம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது! ஒருவன் எதற்காகத் துன்பப்பட்டு நெடுந்தொலைவு செல்கிறான் என்பதைக் கொண்டே அவன் உள்ளம் எதை உயர்வாகக் கருதுகிறது என்பதை அளந்துவிடலாம். கல்விக்காகக் கடல் கடந்தோர் உண்டு; பிழைப்புக்காக மலை கடந்தோர் உண்டு. ஒரு கரடியின் உயிருக்காக ஆயிரம் கல் கடப்பவரின் உள்ளத்திலே இருப்பது என்ன? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கருங்கரடி என்றதும், நம் மலைச்சரிவுகளிலே கறையான் புற்றைக் கிளறித் திரியும் கரடியை எண்ணிவிட வேண்டாம். இது வட அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய வேறோர் இனம். பெயர்தான் கருங்கரடி, பழுப்பு நிறத்திலும் உண்டு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரக் காட்டிலே வெண்ணிறத்திலும் உண்டு. கண்டம் முழுவதும் 6 இலட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது அறிஞர் மதிப்பு. ஆகவே, "அழிந்துவரும் இனத்தையா சுடப் போகிறாய்?" என்று கேட்டு நம் ஹூஸ்டன் நண்பரை மடக்கிவிட இயலாது. மடக்கவும் வேண்டாம். பொய்யான படைக்கலம் ஏந்தி மெய்யான போரை வெல்ல முடியாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது புலால் மறுப்புப் பேச்சன்று. உண்ணும் உணவை வைத்து உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று மாந்தரைத் தரம் பிரித்த கொடுமையை நாம் அறிவோம். அந்தத் தராசை இங்கே தூக்கி வரவில்லை. வடபுலத்துக் காடுகளில் வாழும் கிரீ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கரடியை வேட்டையாடி உண்டவர்கள். கொன்ற உயிருக்கு மதிப்பளிக்கும் மரபும் உடையவர்கள். அவர்களும் கரடியும் ஒரே காட்டின் குடிகள். அங்கே பசி இருந்தது, குளிர் இருந்தது, உறவும் இருந்தது. ஆகவே, கொல்லலாமா கூடாதா என்ற பெரிய வழக்கை இன்று ஒத்திவைப்போம். கொல்வதற்கென்றே நெடும்பயணம் போகலாமா? இந்தச் சிறிய வழக்கை மட்டும் விசாரிப்போம்.

தொலைவு ஓர் உரைகல். வீட்டு வாயிலிலே நின்று பேசும்போது பொன்னாகத் தெரியும் காரணங்களை ஆயிரம் கல் தூக்கிச் சென்று பாருங்கள். எது பொன், எது பித்தளை என்பது தெரிந்துவிடும்.

"இறைச்சிக்காகப் போகிறேன்" என்கிறார் நண்பர். நல்லது. கரடி இறைச்சி உண்ணத் தக்கதே. நன்றாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள நுண்புழு உடலிலே குடியேறும் என்ற எச்சரிக்கையோடு பலரும் உண்கின்றனர். ஆனால், பல ஆயிரம் டாலர் செலவிட்டு, நாட்டின் எல்லையைத் தாண்டி, பெட்டியிலே பனிக்கட்டி நிரப்பிக் கொண்டுவரும் இறைச்சி, பசிக்கு வந்த இறைச்சியா? ஹூஸ்டன் நகரக் கடைத்தெருவிலே இல்லாத இறைச்சியா? முதல் காரணம் முதல் நூறு கல்லிலேயே இறங்கிவிடுகிறது.

"கரடி பெருகினால் ஊருக்குள் புகும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டாமா?" என்கிறார். வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் எதற்கு? 2015ஆம் ஆண்டு ஃபிளோரிடா மாநிலம், 21 ஆண்டுகளுக்குப் பிறகு கரடி வேட்டைக்குக் கதவு திறந்தது. ஒரு வாரம் வரை நடக்கலாம் என்று வகுத்திருந்தார்கள். இரண்டே நாளில் 300க்கும் மேற்பட்ட கரடிகள் வீழ்ந்தன, வேட்டை மூடப்பட்டது. கொல்வதற்குக் கைகள் குறைவு என்று எந்த நாடும் கண்ணீர் வடிக்கவில்லை! டெக்சாஸ் மாநிலத்திலே அவர் ஏன் வேட்டையாடவில்லை என்பதையும் கேளுங்கள். அங்கே கருங்கரடியைச் சுடுவது குற்றம். முன்னோர் சுட்டுச் சுட்டுத் தீர்த்ததனால் அருகிப்போன கரடியை அம்மாநிலம் இன்று காத்து நிற்கிறது. தன் மண்ணிலே தீர்ந்தது. ஆகவே பிறர் மண்ணுக்குப் பயணம். இதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் சூட்டுவது பொருந்துமா?

மூன்றாவது காரணம் வலுவானது. அதை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. "காட்டைக் காப்பதற்குப் பணம் தருபவர்கள் நாங்கள்தாம்" என்கிறார்கள் வேட்டைக்காரர்கள். உண்மை! 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செல்கிறது. வேட்டையை வாயார ஏசிவிட்டு, காட்டுக்கென ஒரு காசும் ஈயாத மென்மையாளர்கள் இந்தக் கணக்கின் முன் தலைகுனியத்தான் வேண்டும். வடபுலத்து வழிகாட்டிகளின் வீட்டு அடுப்பு எரிவதும் வெளியூரார் வருகையால்தான். அதையும் மறுக்கவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். துப்பாக்கி வாங்கியபோதே வரி செலுத்தியாயிற்று. அதைச் சுடுவதனால் வரி கூடுவதில்லை. வழிகாட்டியின் அடுப்பு எரிய வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், அந்த வழிகாட்டி காட்டையும் காட்டுவாரே, கரடி மீன் பிடிப்பதையும் பழம் தின்பதையும் காட்டுவாரே! "கரடியின் உயிரைக் கொடுத்தால்தான் காசு கொடுப்பேன்" என்பது கொடையா? விலை! விலை கொடுத்து வாங்குபவர், தம்மைக் கொடையாளி என்று அழைத்துக்கொள்வதில்தான் நமக்குத் தடை.

இனி, எல்லாக் காரணங்களிலும் அழகானது: வீரம்.

1902ஆம் ஆண்டு நவம்பர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், வாஷிங்டனிலிருந்து தொலைவிலுள்ள மிசிசிப்பி மாநிலத்துக்குக் கரடி வேட்டைக்கென்று சென்றார். வழிகாட்டி ஹோல்ட் கோலியர், அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர்; அந்தச் சதுப்புக் காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை வளைத்தன. கரடி ஒரு நாயைக் கொன்றது. கோலியர் துப்பாக்கிக் கட்டையால் கரடியின் தலையில் அடித்து வீழ்த்தி, மரத்திலே கட்டிப்போட்டுத் தலைவருக்குச் செய்தி அனுப்பினார். வந்தார் ரூஸ்வெல்ட், பார்த்தார், "கட்டுண்ட கரடியைச் சுடேன்" என்று மறுத்துவிட்டார்.

நாடு போற்றியது! 'வாஷிங்டன் போஸ்ட்' இதழிலே கிளிஃபோர்ட் பெரிமன் கேலிச்சித்திரம் தீட்டினார். புரூக்ளினில் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம் இணையர் துணிக்கரடி ஒன்று செய்து, தலைவரின் செல்லப் பெயரையே அதற்குச் சூட்டினர். இன்று நம் வீட்டுக் குழந்தை கட்டிக்கொண்டு உறங்குகிறதே டெடி பொம்மை, அது பிறந்த கதை இதுதான்.

ஆனால் அந்தக் கரடி என்ன ஆயிற்று? பாராட்டுரைகள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வருமுன்பே முடிந்துவிடும். ரூஸ்வெல்ட் அதை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. அடிபட்டுத் துடிப்பதை முடித்துவிடுங்கள் என்றார். வேறொருவர் கத்தியால் முடித்தார். தலைவரின் புகழ் பிழைத்தது; கரடி பிழைக்கவில்லை. 1932ஆம் ஆண்டளவில் அந்த மிசிசிப்பியிலே எஞ்சியிருந்த கரடிகள் பன்னிரண்டுகூட இரா என்று மதிப்பிட்டு, வேட்டையையே மூடினார்கள்.

ரூஸ்வெல்ட்டை இழித்துரைப்பது என் நோக்கமன்று. சுட மறுத்ததிலே ஒரு நாணம் இருந்தது, நாணம் நல்லது. ஆனால் அந்த நாணம் யாரைக் காத்தது? நேர்மையான வேட்டை என்ற விதி, வேட்டைக்காரனின் பெயருக்குக் கவசம். விலங்குக்கு அதனால் கிடைத்தது வேறொரு கையால் சாவு!

இன்றைய வேட்டைக்கு வருவோம். வேட்டை விடுதிகள் பலவற்றின் முறை இது: விருந்தாளி வருவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, காட்டின் ஓரிடத்திலே ஒரு பீப்பாயை வைத்து, பழைய இனிப்புப் பண்டங்களும் கொழுப்பும் இறைச்சிக் கழிவும் இட்டு நிரப்புவார்கள். நெடுந்துயிலுக்கு முன் இலையுதிர் காலத்தில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி அளவுக்குத் தின்றாக வேண்டிய உயிர் கரடி. அது நாள்தோறும் வந்து பழகும். விருந்தாளி மரத்தின்மேல் பரண் ஏறி, சில பத்து அடி தொலைவில் அமர்ந்திருப்பார். பழகிய கரடி பழகிய நேரத்தில் வரும்... வெடி!

ரூஸ்வெல்ட் சுட மறுத்த கரடி கயிற்றால் கட்டுண்டிருந்தது. இந்தக் கரடி பசியால் கட்டுண்டிருக்கிறது. கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே! ஒரோவழி அந்தக் கயிறு இரண்டு மூன்று உயிரைச் சேர்த்து இறுக்கும். கடுங்குளிரில் குகைக்குள்ளே, கால் கிலோ அளவே எடையுள்ள குட்டிகளை ஈனுகிறது தாய். இளவேனிலில் வெளிவந்து, குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் இரைதேடி வரும். குட்டியுள்ள தாயைச் சுடக்கூடாது என்பது சட்டம். ஆனால், பீப்பாய் அருகே தனியே நிற்பதைத் தாய் என்று பரண்மேல் இருப்பவர் எப்படி அறிவார்? ஒண்டாரியோ அரசு 1999இல் இளவேனில் வேட்டையை நிறுத்தியது, 2014இல் சோதனையாகத் திறந்தது, 2021இல் நிலையாக்கியது. சட்டம் மாறி மாறி வரலாம். மரத்தின்மேல் காத்திருக்கும் குட்டிக்கு எந்த ஆண்டும் ஒன்றுதான்.

இந்த ஆபத்தில்லா அமர்வுக்கா வீரம் என்று பெயர்? 1900 முதல் 2009 வரை, 110 ஆண்டுகளில், கண்டம் முழுவதும் கருங்கரடி கொன்ற மாந்தர் 63 பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அதுவோ அஞ்சி விலகும் இயல்புடையது. இவரோ அதைத் தேடி நாடு கடப்பவர்!

பிறகு எஞ்சுவது என்ன? தோலும் தலையும். ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கிய பூன்-குரோக்கெட் கழகம் வேட்டைப் பெருமைகளுக்கு ஏடு வைத்திருக்கிறது. கருங்கரடியின் மண்டையோட்டு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, 21 அங்குலம் எட்டினால் அந்த ஏட்டிலே நிலையான இடம். இருபது பனிக்காலம் கண்ட ஓர் உயிர். மூன்று மாநிலத் தேன்கூடுகளை நுகர்ந்தறிந்த மூக்கு. எல்லாம் இறுதியில் ஓர் அளவுகோலின் எண்!

நண்பர் இப்போது மெல்லப் பேசுகிறார். "இல்லை, எண்ணுக்காக இல்லை. நகரத்தின் இரைச்சல் தாங்கவில்லை. விடியற்காலைக் காடு, நண்பரோடு நெருப்பருகே பேச்சு, மனத்துக்கு ஓர் அமைதி. அதற்காகவே போக விரும்புகிறேன்."

இதோ, உண்மை வாய் திறந்துவிட்டது! இந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆலையும் அலுவலகமும் அரைத்துத் துப்பும் மனிதன், காட்டைத் தேடுவது குற்றமன்று; தேடாவிட்டால்தான் வியப்பு. ஆகவே அவரிடம் ஒரே ஒரு கேள்வி. அதற்கு விடையை எனக்குச் சொல்ல வேண்டாம், இரவு தனித்திருக்கையில் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளட்டும்.

அதே காடு. அதே விடியல். அதே நண்பர், அதே நெருப்பு. கரடியும் வரும். துப்பாக்கியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்களா?

"போவேன்" என்பது விடையானால், போய்வாருங்கள்! வழிகாட்டிக்குக் கூலி கொடுங்கள், கண்கள் நிறையக் காட்டைக் கொண்டுவாருங்கள். "துப்பாக்கி இல்லையேல் அவ்வளவு தொலைவு எதற்கு?" என்பது விடையானால், காரணங்களின் மூட்டையை அவிழ்த்து வைத்துவிடலாம். இறைச்சியும் அன்று, ஊர்க்காவலும் அன்று, கொடையும் அன்று, அமைதியும் அன்று. ஆயிரம் கல் கடந்து அவர் தேடுவது, ஓர் உயிர் தம் விரலசைவில் அடங்கும் அந்த ஒரு நொடியை. அந்த நொடி அவருக்குத் தேவைப்படுகிறது என்றால், கரடியைவிட முதலில் ஆராயத்தக்கது அவர் நெஞ்சம்.

தடுக்கச் சட்டம் இல்லை, கட்டணமும் கையில் இருக்கிறது, போகலாம். ஆனால், புறப்படும் இரவிலே பெட்டியை மூடுமுன், தம் குழந்தையின் படுக்கையருகே ஒரு நிமிடம் நிற்கட்டும். அதன் அணைப்பிலே ஒரு துணிக்கரடி உறங்கிக்கொண்டிருக்கும். நாளை அந்தக் குழந்தை, "அப்பா! அந்தக் கரடியைக் கட்டியா போட்டிருந்தார்கள்?" என்று கேட்டால், தயங்காமல் சொல்வதற்கு அவரிடம் ஒரு விடை இருக்க வேண்டும்.

இருக்கிறதா?