அடைக்கலப் பொருளும் பழைய இதழும்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாய்மை அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, பிறருடைய மறைபொருளை வெளிப்படுத்துதல். மற்றொன்று, நம்மிடம் அடைக்கலமாக வைத்த பொருளை உரியவர் மறதியால் குறைத்துக் கேட்பாராயின், அக்குறைந்த அளவையே கொடுத்து வாய்மூடி இருந்துவிடுதல். முன்னது பேசுவதனால் வரும் குற்றம். பின்னது பேசாமையால் வரும் குற்றம். இரண்டும் ஒரே விரதத்தின்கீழ் எவ்வாறு அமைந்தன என்று நாம் பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்ததில்லை. காரைக்குடியில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பழைய வார இதழொன்றின் பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டு ஒருநாள் நம் இல்லத்துக்கு வந்தபோதுதான் எண்ணலானோம்.

அவருடைய தந்தையாருக்கு எண்பதாம் ஆண்டுச் சாந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. விழாவுக்கு வருவோர்க்கு வழங்குவதற்காகக் குடும்ப வரலாறு ஒன்றை அவர் எழுதிவந்தார். அவர் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது கடையையும் நிலங்களையும் விட்டுவிட்டுக் காட்டுவழியே நடந்து ஊர் திரும்பினார் என்பது அவ்வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த கதை. இதழிலோ வேறு செய்தி இருந்தது. 1934-ஆம் ஆண்டிலேயே அக்கடை நொடித்துவிட்டதாக நீதிமன்றத்தில் மனு கொடுக்கப்பட்டிருந்தது. நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், மஞ்சள் கடுதாசி. மனு கொடுத்தவர்களுள் இருவர் பெண்கள், அதே ஊரினர், தம் சீதனப் பணத்தை அக்கடையில் போட்டு வைத்திருந்தவர்கள்.

“டீச்சர், இதை அப்பச்சியிடம் காட்டலாமா? புத்தகத்தில் எழுதலாமா?” என்று கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

முதற்கண் நாம் ஆசிரியராகவே நடந்துகொண்டோம். இது உம் ஐயாதான் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டோம். செட்டிநாட்டுச் செய்திகளைப் படிப்பதில் இஃது ஒரு பெரிய இடர். பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடும் வழக்கத்தால் ஓர் ஊரில் ஒரே பெயருடையவர் ஐவர் ஆறுவர் இருப்பர். கடைகளோ விலாசத்தால், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால், அறியப்பட்டன. பங்காளிகள் பிரிந்தால் விலாசமும் கிளைவிடும். பிள்ளை கூட்டிக்கொண்டால் விலாசமே மாறிவிடும். ஆகவே பெயர், விலாசம், ஊர், ஒன்பது கோயில்களுள் எக்கோயிலைச் சேர்ந்தவர் என்னும் நான்கும் பொருந்தினாலன்றி ஒருவரைத் தம் முன்னோர் என்று துணிதல் கூடாது. பெயர் ஒத்திருக்கிறது என்ற அளவில் இறந்துபோன ஓர் அயலார்மீது பழியை ஏற்றிவிட்டால் அவர் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. மாணவர் இரண்டு மாதங்கள் தேடினார். வீட்டுப் பரணில் எஞ்சியிருந்த ஒரு பேரேட்டின் முகப்பிலும், பழைய திருமண அழைப்பு ஒன்றிலும் அதே விலாசம் கிடைத்தது. நான்கும் பொருந்தின.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இத்தகைய தேட்டம் இன்று கைகூடுவதற்குக் காரணம், பிறர் குப்பை என்று கருதியதைச் சிலர் காத்துவைத்தமையே. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களை மட்டுமன்றி இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் பல்லாண்டுகள் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்த பின்னர் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதனைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அதே கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார், தாம் நடத்திய ‘குமரிமலர்’ இதழில் பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடியெடுத்து மறுபடியும் அச்சிட்டார். ஒரு சிற்றூரில் இத்தகையோர் இருவர் தோன்றியது வியப்பே. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையானதை இப்பகுதியில் அறியாதார் இல்லை. கலகக் காலங்களில் முதலில் அழிவன ஆவணக் கட்டுகளே. நீதிமன்றக் கட்டு ஒன்று. அது எரிந்தால் மீளாது. செய்தித்தாளோ பல படிகளாகப் பல ஊர்களுக்குப் போய்விடுவது. யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் தப்பிக் கிடக்கும்.

ஆனால் அச்சில் வந்ததெல்லாம் முழு உண்மை ஆகிவிடாது. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கவேண்டும் என்னும் அநேகாந்தம் நமக்குப் புதிதன்று. அக்காலத்து இதழ்களுக்குக் கட்சிகள் இருந்தன. சமூகச் சீர்திருத்தத்தை ஒட்டியும் வெட்டியும் பூசல்கள் நடந்தன. போர் வந்ததும் தணிக்கை வந்தது. ஒருவர் நொடித்தார் என்று நான்கு வரியில் முடித்த இதழ், ஏன் நொடித்தார் என்பதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

அந்த ‘ஏன்’ நமக்கே ஒரு பாடமாயிற்று. 1930-இல் வெளிவந்த பர்மா வங்கித்துறை விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றின் முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அடுத்து உலகப் பொருளாதார மந்தம். நெல்விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. உழவரால் வட்டி கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் கைமாறிற்று. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நிலம் விலைபோகாமல் நின்றது. கையில் பணம் இல்லை. ஊரில் பணம் போட்டவர்களோ திருப்பிக் கேட்டனர். பெரிய கடைகள் தாங்கின. சிறிய கடைகள் பல தாங்கவில்லை. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் வயிற்றெரிச்சலும் இதே கணக்கில் எழுதப்பட வேண்டியதே. அவன் பேரன் தன் குடும்ப வரலாற்றை எழுதினால் இச்செய்தி வேறு விதமாக இருக்கும்.

இவ்வளவும் நூல்களில் உண்டு. இருந்தும் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில், “ஜப்பான் குண்டு விழுந்தது, செட்டிநாட்டு வீடுகள் வெறிச்சோடின” என்றே நாம் கற்பித்துவந்தோம். 1941 டிசம்பர் 23-இல் இரங்கூனில் குண்டு விழுந்ததும், பல லட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறியதும், ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டதும் உண்மையே. ஆயினும் அந்தப் பெருந்துயரின் நிழலில் அதற்கு முந்தைய கணக்குகள் பலவும் மறைந்துபோயின. எதிரி குண்டு போட்டான் என்று சொல்லிக்கொள்ளும்போது, பக்கத்து வீட்டு ஆச்சியின் பணம் என்னவாயிற்று என்ற கேள்விக்கு இடமில்லாமற் போகிறது.

ஆகவே மாணவர்க்கு நாம் கூறியது இது. உம் ஐயாவின் மனவேதனை, வீட்டுக்குள் நிகழ்ந்த சச்சரவுகள் இவை மறைபொருள். அவற்றை ஊரறியச் செய்தல் நம் வேலையன்று. அவ்விரு பெண்களின் பணமோ அடைக்கலப் பொருள். பணத்தை இன்று திருப்ப வழியில்லாவிடினும், பணம் இருந்தது, போயிற்று என்ற செய்தியாவது அவர்களுக்கு உரியது. அதனைக் குறைத்துக் கொடுப்பது, அடைக்கலத்தைக் குறைத்துக் கொடுப்பதேயாம். உண்மையாயினும் பிறர்க்கு ஊறு விளைப்பதைச் சொல்லற்க என்றும் அந்நூலே விதிக்கிறது. அதனால் முதியவரிடம் விழாவுக்கு முன்பே, தனியிடத்தில், அமைதியாகச் சொல்லுக என்றோம். சொல்லாமலே அச்சிட்டு எண்பது வயதில் மேடையில் அவர் கையில் அப்புத்தகத்தைக் கொடுப்பது இம்சையே.

மாணவர் அவ்வாறே படித்துக் காட்டினார். தந்தையார் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, “அப்படியானால் நாற்பத்திரண்டில் யார் கடையில் இருந்தார்கள்?” என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு, “ஆமாம், அது அத்தை வீட்டுக் கடை. சம்பளத்துக்கு மேலாளாக இருந்தார்கள். ஆத்தா ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள்” என்றாராம். நடந்து வந்தது பொய்யன்று. விட்டுவந்த கடைதான் அவருடையதன்று.

புத்தகத்தில் என்ன எழுதுவது என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை. தந்தையார், போரைப் பற்றிய பத்தியை எடுத்துவிடு, வேறொன்றும் சேர்க்காதே என்றார். பொய்யும் இல்லை, பழியும் இல்லை என்பது அவர் கருத்து. இறுதியில், “மந்தக் காலத்தில் தொழில் நொடித்தது, பணம் போட்டிருந்த உள்ளூரார்க்கும் இழப்பு நேர்ந்தது” என்ற ஒரே வரி அச்சாயிற்று. பெயர்கள் இல்லை. நமக்கு அது போதும் என்று தோன்றவில்லை. ஆயினும் பெற்றவரின் மனத்தை அளந்து வைத்த வரி அது என்பதால் நாம் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

விழா முடிந்த பின் மாணவர், மனு கொடுத்த பெண்மணிகளுள் ஒருவருடைய பேத்தியாரின் இல்லத்தைத் தேடிப் போனார். நம்மையும் உடன் வருமாறு அழைத்தார், சென்றோம். அந்த அம்மையாருக்கும் நம் வயது இருக்கும். பணம் போன கதை அவர்கள் வீட்டில் மங்கலாக வழங்கிவந்ததே. யாருடைய கடை என்பது மறந்துபோயிருந்தது. மாணவர் தாளை நீட்டினார். அவர் கை நடுங்கிற்று. அம்மையார் முகப்பு வெளிச்சத்துக்கு வந்து, கண்ணாடி அணிந்து, அவ்வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கோபத்தை எதிர்பார்த்து நாம் நின்றோம்.

“எங்கள் அப்பத்தா பெயரை அச்சில் இப்போதுதான் பார்க்கிறேன். படம்கூட எங்களிடம் கிடையாது” என்றார். சற்றுப் பொறுத்து, “இதில் எனக்கு ஒரு படி வேண்டுமே, தம்பி” என்று கேட்டார்.