கையெழுத்துப் போடும் முன்

தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். மணமகள் திருநங்கை என்பதே காரணம். வழக்கு மதுரைக்கு வந்தது. இந்துத் திருமணச் சட்டம் குறிப்பிடும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறக்கும் இடைபாலினக் குழந்தைகளுக்குப் பாலினம் மாற்றும் அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்க அரசாணை வேண்டும் என்றும் சொன்னார். இடைபாலினச் செயற்பாட்டாளர்கள் நெடுநாளாக எழுப்பிவந்த கோரிக்கை அது. ஆகஸ்டில் ஆணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

பெற்றோர் சம்மதித்தால் போதாதா என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் சொந்தபந்தம் முதலில் கேட்பதே "என்ன குழந்தை?" என்றுதான். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் தாய்தகப்பனைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். பள்ளியில் கேலி செய்வார்களோ, நாளைக்குக் கல்யாணம் ஆகுமோ என்று மனம் பதைக்கிறது. இப்போதே சரிசெய்துவிட்டால் குழந்தைக்கு நினைவே இருக்காது என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அன்புதான் போடவைக்கிறது.

உதட்டுப்பிளவு அறுவைக்கும் பெற்றோர்தானே சம்மதிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தக் குழந்தைக்குப் பால் குடிக்கவே சிரமம். தைத்தால் அது தீரும். பிறப்புறுப்பின் தோற்றம் மட்டும் வேறாக இருந்தால் சிரமம் பார்க்கிறவர்களுக்குத்தான். இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகக்கூடிய பிறவி அட்ரினல் கோளாறில் ஒருவகை உண்டு; உடலின் உப்பு வெளியேறி, சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். அதிலிருந்தும் காப்பாற்றுவது ஹார்மோன் மருந்துதான், கத்தி அல்ல. சிறுநீர் போக வழியில்லாமல் அடைத்திருந்தால் அறுவை வேண்டும். அதை யாரும் எதிர்க்கவில்லை. தோற்றத்தைத் திருத்துவதற்காக வெட்டிய பிறகு போன உணர்ச்சி திரும்பாது, இழந்த கருவளம் திரும்பாது. பெரியவர்கள் ஊகித்த பாலினம் தவறாகிப்போனால் அதையும் அந்தப் பிள்ளைதான் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

கேலி இருக்கும், மறுக்க முடியாது. ஆனால் கேலி செய்கிறவனை விட்டுவிட்டு, கேலிக்கு ஆளாகிற பிள்ளையின் உடலை வெட்டுவது எந்த ஊர் நியாயம்? தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சு வரும் முன்பே மேசையில் கிடத்தி முடிவெடுத்துவிட்டால், அந்த உரிமையை வைத்துக்கொண்டு வளர்ந்தவர் என்ன செய்வார்?

தமிழ்நாட்டில் இருப்பது வெறும் அரசாணை. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் சட்டம் இடைபாலினத்தவரைத் தன் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. குழந்தைகளின் அறுவை பற்றி வாய் திறக்கவில்லை. மால்டா நாடு 2015-லேயே இத்தகைய அறுவைக்கான தடையைச் சட்டமாக்கிவிட்டது. நாமும் ஆக்க வேண்டும். அதுவரை பெற்றோர் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இன்று செய்யாவிட்டால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தா? இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.