மூழ்கடித்தவன் மீட்கலாமா?

எதிரியின் கப்பலை மூழ்கடித்தவனுக்கு, அதிலிருந்து கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றும் கடமை உண்டா? அதற்காகத் தன் ஆட்களின் உயிரைப் பணயம் வைக்கலாமா? 1942 செப்டம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில், ஒரு ஜெர்மன் தளபதி இதற்கு விடை தேட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 12 இரவு, வெர்னர் ஹார்டென்ஸ்டைனின் யு-156 நீர்மூழ்கி, லக்கோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை டார்பிடோவால் தாக்கியது. பீரங்கி பொருத்திய துருப்புக் கப்பல் அது. போர் விதிப்படி தாக்கத்தக்க இலக்குதான். ஆனால் அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கீழ்த்தளங்களில் சுமார் 1,800 இத்தாலியப் போர்க் கைதிகள் அடைபட்டுக் கிடந்தார்கள். இருட்டில் எழுந்த கூக்குரல்களில் இத்தாலிய மொழி கேட்டபோதுதான், தன் நாட்டின் கூட்டாளிகளையே மூழ்கடித்துவிட்டோம் என்பது ஹார்டென்ஸ்டைனுக்கு விளங்கியது.

அவரைப் புகழ்பவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். இரக்கத்தின் முதல் அடி தன்னவருக்காகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் கை நீட்டிய பிறகு அவர் ஆள் பார்க்கவில்லை. ஐம்பது சொச்சம் பேருக்கே நெருக்கடியான கலத்தின் உள்ளேயும் மேல்தளத்திலுமாக ஏறக்குறைய 200 பேரை ஏற்றிக்கொண்டார். தான் இருக்கும் இடத்தைச் சொல்லி, என்னைத் தாக்காத வரை உதவிக்கு வரும் எந்தக் கப்பலையும் தாக்க மாட்டேன் என்று, சங்கேதக் குறியீடு இல்லாமல் ஆங்கிலத்திலேயே வானொலியில் அறிவித்தார். மறைந்திருப்பதையே பலமாகக் கொண்ட நீர்மூழ்கிக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் இருக்க முடியாது. விழுந்த பகைவனுக்கு உதவுவதை வீரத்தின் கூர்மையாகவே வைத்துப் பேசுகிறது திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம். ஹார்டென்ஸ்டைனின் துணிச்சல் அந்த வகையைச் சேர்ந்தது.

செப்டம்பர் 16 அன்று, நான்கு உயிர்காப்புப் படகுகளை இழுத்தபடி யு-156 நின்றிருந்தது. செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தார்கள். அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலே வட்டமிட்டது. மீட்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவர், பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று விளக்குச் சமிக்ஞையால் தெரிவித்தார். விமானி அசென்ஷன் தீவுத் தளத்திடம் என்ன செய்வதென்று கேட்டார். மூழ்கடி என்று பதில் வந்தது. குண்டுகளில் ஒன்று படகுகளிடையே விழுந்தது. மேல்தளத்தில் ஆட்களோடு நீர்மூழ்கி முங்க முடியாது. கயிறுகளை அறுத்து, மீட்டவர்களை மறுபடியும் கடலில் இறக்கிவிட்டு ஹார்டென்ஸ்டைன் முங்கினார்.

தீவில் இருந்த அதிகாரிக்கும் காரணம் இருந்தது. அந்த நீர்மூழ்கி நாளை இன்னொரு கப்பலைக் கொல்லும். தன் விமானதளத்துக்கும் அது ஆபத்து. போர்க்கணக்கில் இது தவறாத கணக்கு. ஆனால் படகுகளைக் கண்ணால் பார்த்தவர் தயங்கிக் கேட்டார், பார்க்காதவர் உத்தரவிட்டார். இயந்திரப் போர் செய்துவிட்ட பெரிய கேடு இதுதான்: கொல்வதைத் தீர்மானிப்பவர், சாகப்போகிறவரைப் பார்க்க வேண்டியதில்லை.

மறுநாள், செப்டம்பர் 17, ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத்தலைவர் டோனிட்ஸ் உத்தரவு பிறப்பித்தார்: மூழ்கிய கப்பல்களின் ஆட்களை மீட்கும் எந்த முயற்சியும் கூடாது, கவிழ்ந்த படகை நிமிர்த்துவதோ, உணவும் நீரும் தருவதோ கூட வேண்டாம். ஆனால் தகவல் கறக்கக் கப்பல் தலைவர்களையும் தலைமைப் பொறியாளர்களையும் மட்டும் பிடித்து வரலாம்.

குண்டு விழும்போது மீட்பைக் கைவிட்ட ஹார்டென்ஸ்டைன் மீது குற்றம் சொல்ல முடியாது. தன் ஆட்களைக் காப்பதும் அவர் கடமைதான். ஆனால் ஒரு நாள் ஒரு இடத்தில் நேர்ந்த இயலாமையைக் காட்டி, எல்லாக் கடல்களிலும் எல்லா நாளும் இரக்கத்துக்குத் தடை விதித்தது அறமாகாது. ஆபத்தில்லாத இடத்தில்கூடத் தண்ணீர் தராதே என்பதற்குத் தற்காப்பு என்று பெயரிட முடியுமா?

லக்கோனியாவில் இருந்த ஏறத்தாழ 2,700 பேரில் 1,600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1943 மார்ச் 8 அன்று, பார்படாஸுக்குக் கிழக்கே அமெரிக்க விமானம் ஒன்று யு-156-ஐ மூழ்கடித்தது. ஹார்டென்ஸ்டைன் உட்பட யாரும் பிழைக்கவில்லை. போருக்குப் பின் நியூரம்பர்க் தீர்ப்பாயம் டோனிட்ஸின் உத்தரவைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் பசிபிக்கில் அமெரிக்காவும் கட்டற்ற நீர்மூழ்கிப் போரே நடத்தியது என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருந்ததால், நீர்மூழ்கிப் போர் விதிமீறல்களுக்காக டோனிட்ஸுக்குத் தண்டனை தரவில்லை. அவர் பெற்ற 10 ஆண்டுச் சிறை வேறு குற்றங்களுக்கானது. அசென்ஷனிலிருந்து குண்டு போடச் சொன்னவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவே இல்லை.