ஆய்வுகூடக் காற்றும் அறக்கணக்கும்

கட்டடமொன்று எழுவதற்கு முன்னரே, அது ஆண்டொன்றில் கொள்ளப்போகும் மின்சாரத்தைக் கணினியிற் கணிக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. பசுமைக் கட்டடச் சான்றிதழ் வேண்டுவோர், விதிமுறைக்கமைந்த கற்பனைக் கட்டடமொன்றோடு தமது கட்டடத்தை ஒப்பிட்டு, இத்தனை விழுக்காடு மிச்சமாகும் என்பர். கற்பனையோடு ஒப்பிட்டுப் பெறும் மிச்சம் எத்துணை மெய்யானது?

ஆய்வுகூடத்திலேதான் இவ்வினா கூர்மை பெறுகின்றது. நச்சாவியை இழுத்து வெளியேற்றும் அலுமாரி, அறையின் குளிர்ந்த காற்றையும் உடன்கொண்டு செல்லும். அலுமாரியின் கண்ணாடிக் கதவு ஒன்றரை மீற்றர் அகலத்துக்கு அரை மீற்றர் உயரம் திறந்திருக்க, செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்திற் காற்றுச் சென்றால், மணித்தியாலத்துக்கு 1,350 கனமீற்றர் காற்று வெளியேறும். 90 கனமீற்றர் கொண்ட அறையின் காற்று 15 முறை மாறுவதற்கு இது ஒப்பாகும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி அத்தகைய ஆய்வுகூடம் அமையுமாயின், ஈடாக உட்புகுவது வெம்மையும் ஈரமும் மிக்க கடற்காற்றே. அதனைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள நீராவியையும் பிரித்தெடுத்தல் வேண்டும்.

இம்மின்சாரம் வானத்திலிருந்து வருவதன்று. கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள சம்பூரின் மக்கள் 2006 இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அங்கு 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2016 இல் அது கைவிடப்பட்டது. வீணாகும் ஒவ்வோர் அலகும் எங்கோ ஒருவரின் நிலத்தையும் மூச்சையும் தொடுகின்றது என்பதை இத்துறைமுகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

கதவைத் தாழ்த்தினால் விசிறியும் தானே தணியும் பொறியமைப்பு உண்டு. அதனால் விளையும் மிச்சமும் பெரிதே. ஆயின் கதவு எத்தனை மணித்தியாலம் தாழ்ந்திருக்கும் என்பதைக் கணிப்பவர் முற்கூட்டியே எழுத வேண்டியுள்ளது. அங்கு இன்னும் காலடி வைக்காத மாணவரின் பழக்கம் எண்ணாகிவிடுகின்றது! அதைப் பொய்யென்று கூறவியலாது. மெய்யென நிறுவவும் அன்று வழியில்லை. வாக்களித்தவர் ஒருவர், காக்க வேண்டியவரோ அவ்வாக்கை அறியாதவர்.

இதனிலும் இடர் மிக்கது, எண் அழகாகும்பொருட்டுக் காற்றோட்டத்தையே குறைப்பது. மாணவர் இரண்டொரு மணித்தியாலத்திற் கலைந்துவிடுவர். நாள் முழுதும் அக்காற்றைச் சுவாசிக்கும் ஆய்வுகூட உதவியாளர், கணிப்பு வரையப்பட்ட மேசையில் அமர்ந்ததே இல்லை. அவரது நுரையீரலிலிருந்து எடுக்கப்படும் மிச்சத்தைச் சிக்கனம் எனல் தகாது.

கணிப்பைக் கைவிடுதல் இதற்குத் தீர்வன்று. அஃதின்றி வடிவமைப்போர் இருளில் தடவுவர். ஓராண்டு கழிந்தபின் மின்மானியின் அளவும் கதவு திறந்திருந்த நேரப் பதிவும் அக்கணிப்பின் அருகே வைக்கப்படும்வரை, சான்றிதழைத் தற்காலிகமானதாகவே கொள்ளுதல் நேர்மை. அப்பதிவு முதலில் உதவியாளர் கையிற் சேர்தல் வேண்டும்.